மேலே வந்த தேதி

கோரமண்டல் நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கிச் சங்க அலுவலகத்தை நோக்கி நான் நடந்தபோது உச்சி வெயில். தங்கம் பிரித்த கழிவு குவிந்த சயனைடு மேட்டிலிருந்து கிளம்பிய சாம்பல் நிறத் தூசி சாலையில் தவழ்ந்துகொண்டிருந்தது. இப்போது மூடிக் கிடக்கும் தங்கச் சுரங்கத்தில் உழைத்த ஒவ்வொருவரின் பெயரும் எங்கள் சங்கத்தின் இணையதளத்தில் உண்டு. அதைத் தாங்கும் டேட்டாபேஸ் மிகப் பழையதாகிவிட்டது. பெங்களூரில் வேலை பார்க்கும் நரேஷ் அதைப் புதிய பதிப்புக்கு மாற்றிக்கொண்டிருந்தான். பெயர்களில் எழுத்துப் பிழை பார்ப்பதற்காகச் செயலாளர் மனோகர் என்னையும் அழைத்திருந்தார்.

அந்த அலுவலகம் முன்பு ஷிஃப்டுக்கு ஆள் எடுக்கும் அறை. டோக்கன் பலகை இன்னும் சுவரில் இருக்கிறது. கேஜ் என்னும் இரும்புக் கூண்டில் ஏறிக் கீழே இறங்குகிறவர் தம் பித்தளை டோக்கனை ஆணியிலிருந்து எடுத்துப் போவார். மேலே வந்ததும் திரும்ப மாட்டுவார். ஆணி வெறுமையாக இருந்தால் ஆள் கீழே இருக்கிறார் என்று பொருள். சுரங்கம் மூடப்பட்ட பின்பும் சில ஆணிகள் வெறுமையாகவே நிற்கின்றன. அவற்றில் ஒரு குடையைக்கூட எவரும் மாட்டுவதில்லை.

மனோகர் உள்ளே வந்ததும் தம் கார்ச் சாவியை அப்படியோர் ஆணியில் மாட்டினார்.

"அது எங்க வூட்டுக்காரர் ஆணி," என்றார் பெஞ்சில் அமர்ந்திருந்த குணசுந்தரி.

"இன்னா, பட்டா போட்டு வெச்சிகீறியா?" என்று மனோகர் சிரித்தார்.

குணசுந்தரியின் கணவர் காத்தவராயன், பாறை வெடித்த ஒரு நாளில் கீழே சிக்கிக்கொண்டவர். உடல் கிடைக்கவில்லை. அந்த அம்மாள் தாலியைக் கழற்றவும் இல்லை. இணையதளத்தில் காத்தவராயன் பெயருக்கு நேரே 'மேலே வந்த தேதி' என்ற இடத்தில் வெறும் பூஜ்யங்கள் இருக்கும். குணசுந்தரி மாதந்தோறும் வந்து அதைப் பார்த்துவிட்டுப் போவார். அவர் கணவர் இன்னும் வரவில்லை என்று உலகத்தில் ஒப்புக்கொண்டிருந்த ஒரே இடம் அதுதான்.

"சார், எரர் வருது," என்றான் கணினி முன் இருந்த நரேஷ். "புது வெர்ஷன் பூஜ்யத்தைத் தேதின்னு ஒத்துக்காது. ஆகல்லா, முடியாது. மேல வராதவங்களுக்குன்னு தனியா மாத்தி எழுதணும். ரெண்டு நாள் டைம் குடுங்க."

"நாளைக்குத் தொறப்பு விழாடா! அல்லாருக்கும் இன்னிக்குத் தேதியப் போடு. யார் பாக்கப் போறா?"

குணசுந்தரி எழுந்தார். "நான் பாக்கறேன். அவரு வந்துட்டாருன்னு உனக்கு யார் சொன்னது? கேஜை நீ தூக்கினியா? கை குடுத்து எறக்கினியா? இத்தினி வருசம் கதவுக்குத் தாப்பாள் போடாம படுத்துக் கீறேன் நானு!"

"செத்தவன் கோச்சுக்க மாட்டாம்மா. உக்காரு."

பிள்ளைகளுக்கு நான் சொல்லும் கதை ஒன்றில், ஒரு நரி வளையின் வாயை மண்ணால் அடைத்துவிட்டு, உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று காட்டுக்கு அறிவிக்கும். அந்த நரி தப்பித்ததாக நான் ஒருபோதும் சொன்னதில்லை.

"வேண்டாம், மனோகர்," என்றேன்.

"நீங்க எழுத்துப் பிழையப் பாருங்க வாத்யாரே."

நரேஷ் விசைப்பலகையிலிருந்து விரலை எடுத்துக்கொண்டான். மனோகர் குனிந்து, தேதியைத் தாமே தட்டி, விசையை அழுத்தினார்.

தரை ஒருமுறை குலுங்கியது.

ஆழத்தில் பாறை வெடித்தால் வரும் குலுக்கல் அது. எங்கள் ஊரில் பிறந்த எவருக்கும் அது தெரியும். ஆனால் கீழே இப்போது வேலை இல்லை. தண்ணீர்தான் நிறைந்திருக்கிறது.

வெடிமருந்துப் புகையும் ஈரக் கல்லும் கலந்த வாடை அறைக்குள் பரவியது. திரையில் பெயர் பெயராக ஓடியது: மேலே வந்த தேதி, இன்று. மேலே வந்த தேதி, இன்று.

பிறகு மணி ஒலித்தது. ஆட்களோடு கேஜ் ஏறும்போது அடிக்கும் மணி. அந்த மணியைப் பழைய இரும்புக்கு விற்றுப் பல காலமாகிவிட்டது.

வெளியே தூசி எழுந்து சன்னலை மூடியது. பட்டப்பகலில் அறை இருண்டது.

நீர் நிறைந்த பூட்ஸ்கள் நடக்கும் ஓசை.

ஒன்றல்ல. பல.

"கதவச் சாத்து," என்று மனோகர் முணுமுணுத்தார். ஒருவரும் அசையவில்லை.

பலகையில் டோக்கன் மாட்டும் பித்தளை ஒலி கேட்டது. ஓர் ஆணி. அடுத்த ஆணி. அடுத்தது. பிறகு கார்ச் சாவி மாட்டியிருந்த ஆணியில் ஓசை நின்றது.

சாவி மெல்ல ஆடியது.

சுவரில் ஓங்கி ஓர் அடி விழுந்தது. காரை உதிர்ந்தது.

"எவன்டா?" தொண்டையில் தண்ணீர் நிறைந்த குரல். "எவன்டா மாட்னது?"

குணசுந்தரி மட்டும் முன்னே நடந்தார். அவர் குரலில் அச்சமில்லை, கோபம் இருந்தது.

"மூஞ்சியக் காட்டுய்யா. நான் பாக்கணும். அப்பதான் வந்துட்டேன்னு ஒத்துப்பேன்."

முகம் எதுவும் தெரியவில்லை. ஈரமான மூச்சு மட்டும், அவர் முகத்துக்கு நேரே. நெற்றி மயிர் அசைந்தது.

"உன்னால ஆவலையா? அப்ப நீ வரலை. பொய்யி எழுதனவன் இங்கதான் கீறான். அவனக் கேளு."

பூட்ஸ்கள் திரும்பின.

மறுபடி மணி ஒலித்தது. இம்முறை கேஜ் இறங்கும் மணி.

தூசி அடங்கியபோது அறையில் நாங்கள் மூவர்தான் இருந்தோம். பலகையில் அந்த ஆணிகள் முன்போலவே வெறுமையாக இருந்தன. மனோகரின் கார் வாசலில் நின்றது. அதன் சாவி தரையில், ஒரு கைப்பிடிச் சேற்றுக்கு நடுவே கிடந்தது.

மனோகரைக் காவல் துறையினர் ஊரெல்லாம் தேடினார்கள். திறப்பு விழா நடக்கவில்லை. இணையதளம் மட்டும் தானாகவே இயங்குகிறது. காத்தவராயன் பெயருக்கு நேரே மீண்டும் பூஜ்யங்கள். குணசுந்தரி மாதந்தோறும் வந்து பார்க்கிறார்.

பட்டியலின் கடைசியில் மனோகரின் பெயர் இருக்கிறது. இறங்கிய தேதி, அந்த நாள். மேலே வந்த தேதி, பூஜ்யங்கள்.

அலுவலகத்திலிருந்தே நரேஷைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன்.

"அதுல ஓடறது புது வெர்ஷன், சார். பூஜ்யம் எழுதவே முடியாது. யார் எழுதினா?"

நான் பலகையைப் பார்த்தேன். கடைசி வரிசையில், துருப்பிடிக்காத புதிய ஆணி ஒன்று அறையப்பட்டிருந்தது. அதைச் சுற்றிச் சுவர் ஈரமாக இருந்தது.

ஆணி வெறுமையாக இருந்தது.