அரை மணிக்கு மேல் நான்கு நொடி

அந்த வீடியோவின் நீளம் இருபத்தொன்பது நிமிடம் ஐம்பத்தொன்பது நொடி என்பது வீடியோக்காரருக்குத் தன் பிறந்த தேதியைப் போல மனப்பாடம். இன்று மத்தியானம் அது கம்ப்யூட்டரில் முப்பது நிமிடம் நான்கு நொடி என்று காட்டியது.

அவரிடம் இருந்த இரண்டில் பெரிய கேமரா, மெமரி கார்டு நிரம்பும் வரை ஓடும். சின்னது அரை மணியை நெருங்கியதும் தானாக நின்றுவிடும். இரண்டின் படத்தையும் சத்தத்தையும் பிறகு ஒன்றாகப் பொருத்துவதற்காக, எங்கே படம் பிடித்தாலும் முதலில் மனைவி கேமராக்களுக்கு முன்னால் நின்று ஒரே ஒரு முறை கை தட்டுவாள். கை தட்டாமல் பேச்சை ஆரம்பிக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். சாப்பிடக் கூப்பிடவும் கை தட்டணுமா என்று வீட்டில் அவள் கிண்டல் செய்வாள்.

கடைசி விழா முடிந்து, காலி மண்டபத்தில் அவள் நாற்காலிகளை அடுக்கியதைச் சின்ன கேமரா தன்பாட்டுக்குப் பிடித்திருந்தது. முடிவில் நிமிர்ந்து, "ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். அத்தோடு படம் நின்றது. மீதி பெரிய கேமராவில் இருந்தது. அடுத்த வேலைக்குக் கார்டு வேண்டுமென்று அதை அழித்தவர் அவரே. அன்று அவள் சொன்னதைக் காதில் வாங்கவும் இல்லை. மறுவாரம் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். நான்கு மாதமாக அந்த மீதிக்காகத்தான் தினமும் இந்த அறையில் உட்கார்கிறார்.

கேமரா ரிப்பேர்க்காரருக்குப் போன் செய்தார். "அண்ணே, சின்னதுல அரை மணிக்கு மேல ஒரு நொடிகூட ஓடாது. நல்லாத் தூங்கி எந்திரிச்சு மறுபடி பாருங்க."

ஹெட்போனை மாட்டி ஓட்டினார். அவள் நிமிர்ந்தாள், சொன்னாள். பிறகு நான்கு நொடி கறுப்பு. அந்தக் கறுப்புக்குள், சுற்றுக்கு ஒரு முறை டக்கென்று இடிக்கும் ஒரு மின்விசிறியின் சத்தம். மண்டபத்தில் மின்விசிறியே கிடையாது. இடிக்கும் மின்விசிறி அவர் தலைக்கு மேலேதான் இருந்தது.

மறுபடி ஓட்டினார். இப்போது முப்பத்தொரு நிமிடம். சூடேறிய கம்ப்யூட்டரின் தூசி வாசனையோடு, விரல் வலிக்கு அவள் தேய்க்கும் தைலத்தின் வாசனையும் மெல்லக் கலந்தது. கறுப்பு வெளுத்தது. ஒரு நாற்காலியின் முதுகு. வழுக்கை விழுந்த ஒரு பின்தலை. ஹெட்போன்.

அவர் இடது கையைத் தூக்கினார். படத்திலும் அந்தக் கை உயர்ந்தது.

சின்ன கேமரா பின்னால் அலமாரியில் இருந்தது. அதன் பேட்டரி அவர் கண் முன்னால், மேஜை மேல்.

ஹெட்போனில் மூச்சுச் சத்தம். அவருடையது. அதற்கு மிக அருகில் இன்னொன்று.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

"சொல்லும்மா" என்றார்.

கை தட்டாமல் பேச்சை ஆரம்பிக்கக் கூடாது. சட்டம் சட்டம்தானே.

படத்தின் இரு ஓரங்களிலிருந்தும் இரண்டு கைகள் உள்ளே வந்தன. அவர் காதுகளுக்கு இரு பக்கமும். மெதுவாக. அகல விரிந்து.

நின்றன.

இன்னும் தட்டவில்லை.