பதினோராவது புகார்

போன் அலறியது.

"மேடம், திருட்டு! எங்க காலேஜ் ஆபீஸ்ல பீரோவை உடைச்சுட்டாங்க!"

லைனில் காலேஜ் பிரின்ஸிபால்.

பத்தே நிமிடத்தில் வந்து இறங்கினாள் பெண் இன்ஸ்பெக்டர். கூடவே ஒரு பெண் கான்ஸ்டபிள்.

"என்ன போச்சு?"

"ஒரு ஃபைல்... பழைய பேப்பருங்க."

"பழைய பேப்பருக்கா இப்படி வேர்க்குது?"

அவர் மூலையில் நின்ற மாணவியைக் காட்டினார்.

"இவதான் எடுத்திருப்பா! ஒரு வாரமா இங்கயே சுத்தறா."

"எதுக்கும்மா?"

"என் புகார் என்னாச்சுன்னு கேக்க வந்தேன் மேடம். லேப்ல... கெமிஸ்ட்ரி சார்..."

துப்பட்டா நுனியைக் கசக்கினாள்.

"யார்கிட்டயும் சொல்லலியா?"

"வார்டன்கிட்ட சொன்னேன். 'கதவைச் சாத்தற வரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தே?'ன்னாங்க. காலேஜ் டாக்டரம்மா டெஸ்ட் பண்ண அப்பா கையெழுத்து கேட்டாங்க. அப்பாவுக்குத் தெரிஞ்சா படிப்பு அவ்வளவுதான். பிரின்ஸிபால் சார்கிட்ட எழுதிக் கொடுத்தேன். 'உனக்குக் கல்யாணம் ஆக வேணாமா?'ன்னார்."

இன்ஸ்பெக்டர் அவள் அருகில் போனாள்.

"உனக்கு வயசு?"

"பத்தொன்பது."

"உன் கையெழுத்தே போதும். இவங்ககூட ஆஸ்பத்திரிக்குப் போ. நீ வேணாம்னு சொல்ற எதையும் யாரும் செய்ய மாட்டாங்க."

கான்ஸ்டபிள் அவளை அழைத்துப் போனாள்.

"அப்ப என் ஃபைல்?" பிரின்ஸிபால் பதறினார்.

"என்ன ஃபைல்னு தெரியாம எப்படித் தேடறது?"

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த ஆள்மேல பொண்ணுங்க எழுதிக் கொடுத்தது. பதினொண்ணு, இவளோடதும் சேர்த்து."

"எத்தனை வருஷமா?"

"நாலு."

"ஒண்ணைக்கூட எங்களுக்கு அனுப்பலியே?"

"காலேஜ் பேர் கெட்டுடுமே மேடம்!"

"சரி, இதையெல்லாம் புகார்ல எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

போட்டார். "ஃபைல் கிடைச்சுடுமில்ல?"

"காலையிலேயே கிடைச்சாச்சு. உங்க டைப்பிஸ்ட் அம்மாதான் பூட்டை உடைச்சு எடுத்துட்டு வந்தாங்க. ஒவ்வொரு புகாருக்கும் நம்பர் போட்டு உள்ளே வச்சது அவங்க கைதானாம். 'சோத்துல கை வைக்கவே அருவருப்பா இருக்கு'ன்னு அழுதாங்க."

பிரின்ஸிபாலின் முகம் வெளிறியது.

"அப்ப... நீங்க இங்க எதுக்கு...?"

"அது உங்க பீரோல இருந்ததுன்னு உங்க வாயால வரணுமே!"

ஜன்னலுக்கு வெளியே, கெமிஸ்ட்ரி சாரை இரண்டு போலீஸ்காரர்கள் ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"மேடம்! என் பேர் கெட்டுடும் மேடம்!" பிரின்ஸிபால் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கவலைப்படாதீங்க சார்... ஜெயில்ல வெறும் நம்பர்தான். பேரே கிடையாது!"