எத்தனை குதிரை பூட்டினாலும்

அந்த வெள்ளைக் கார் மெக்கானிக் முபினின் ஷெட்டுக்குள் நுழைந்தபோது உச்சிவெயில். அவலூர்ப்பேட்டை சாலையில் தார் இளகிக் கிடந்தது. முப்பது வயதான நான்கு சிலிண்டர் வண்டி, மேடே இல்லாத சமதரையில், முதல் கியரில் முனகிக்கொண்டு வந்தது. உள்ளே வல்லரசு ஒருவன்தான் இருந்தான். பின் ஸ்பிரிங்குகளோ நெல்மூட்டை ஏற்றியதுபோல் தாழ்ந்திருந்தன.

வண்டிக்கு முன்பாகவே நாற்றம் வந்து சேர்ந்தது.

பானெட் முழுக்கக் குங்குமம். கிரில்லின் இடுக்குகளில் அழுகிக் கறுத்த பூசணிச் சதை. அதன்மேல் சேவல் ரத்தத்தில் ஒட்டிக் காய்ந்த இறகுகள், கற்பூரக் கரி, புழு நெளியும் எலுமிச்சம்பழங்கள். முபின் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"இன்னாண்ணா இது, காரா, கறிக்கடையா?"

"பூஜை போட்டது பாய். ஒரு மண்டலம் தண்ணி படக்கூடாதுன்னு சாமியாடி சொல்லிருக்காரு. கழுவிடாத." வல்லரசு பின்சீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். "பிக்கப்பே இல்ல. பின்னாடி யாரோ புடிச்சு இழுக்கற மாதிரி இருக்குது. பவர் ஏத்து. எவ்ளோ முடியுமோ அவ்ளோ."

மறுக்க முடியவில்லை. ஷெட் நின்ற மனை வல்லரசுக்குச் சொந்தம். மாதக் கடைசியில் குத்தகை முடிகிறது. வேலை பிடித்திருந்தால்தான் புதுப்பிப்பான்.

"எஞ்சினும் மனுசன மாதிரிதாண்ணா. மூச்ச நல்லா இழுக்கணும், நல்லா விடணும். அத சரி பண்ணா பாதி பவர் வந்துடும்" என்றான் முபின்.

சொன்னபடியே செய்தான். அடைபட்ட ஏர் ஃபில்டரை எறிந்துவிட்டு, காற்று தாராளமாய்ப் புகும் ஒன்றைப் பொருத்தினான். பெட்ரோல் கூடுதலாய்ப் பாய கார்புரேட்டரில் பெரிய ஜெட் போட்டான். நான்கு சிலிண்டருக்கும் தனித்தனிக் குழாய் வளைத்து, புகை தடையின்றி வெளியேற வழி செய்தான். தீப்பொறி விழும் டைமிங்கை முன்னே தள்ளினான். சிலிண்டருக்குள் எழும் அமுக்கத்தை, கம்ப்ரஷனை, அளந்தபோது மட்டும் அவன் நெற்றி சுருங்கியது. நான்கிலும் குறையே இல்லை. எஞ்சினில் வலு இருக்கிறது. பிறகு எது இழுக்கிறது?

மறுநாள் காலை புறவழிச்சாலையில் ஓட்டிப் பார்த்தான். எஞ்சின் முன்னைவிட இருமடங்கு உறுமியது. முள் நாற்பதைத் தாண்டவில்லை. ஆக்ஸிலரேட்டரை அழுத்த அழுத்த, பின்னிழுப்பும் அதே அளவு கூடியது.

அப்போது நாற்றம் மாறியது.

பூசணியல்ல, சேவலுமல்ல. புளித்த சோறு, நசுங்கிய வாழைப்பழம், ஈரத்தில் ஊறிய எச்சில் இலை. பௌர்ணமிக்கு மறுநாள் விடியலில் கிரிவலப் பாதை முழுக்க வீசும் அதே நாற்றம்.

கண்ணாடியில் பார்த்தான். பின்சீட்டில் யாருமில்லை.

சீட்டின் நடுவில் மட்டும், ஆள் உட்கார்ந்ததுபோல் ஒரு குழி.

மூன்றாம் நாள், அடுத்த வழியில் இறங்கினான். எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி லேத்தில் துளி தேய்த்தால் அமுக்கம் கூடும். அமுக்கம் கூடினால் வலு கூடும். பேட்டரியை எடுத்து ஓரமாய் வைத்தான். பெட்ரோலை வடித்தான். ஹெட்டைத் தூக்கி மேசையில் வைத்தான். கூடவே, குளிர்ந்த காற்றை எஞ்சினுக்கு இழுத்துவர கிரில் வழியாக ஒரு குழாயும் போட வேண்டியிருந்தது. அதற்கு இடம் வேண்டுமே! மண்டலமாவது மயிராவது என்று, ஸ்குரூடிரைவரால் பூசணிச் சதையைத் தோண்டினான்.

சதைக்குள்ளிருந்து முடி வந்தது.

நரைத்த, நீண்ட முடி. அதன் நுனியில் நகத்தளவு தோல். அடியில், ரேடியேட்டரோடு ஒட்டிக்கொண்டு, வெள்ளிப்பட்டை போட்ட ஆரஞ்சுத் துணிக் கிழிசல்.

முபின் ஸ்குரூடிரைவரைக் கீழே போட்டான். வாசலுக்கு ஓடி வாந்தியெடுத்தான். திரும்பி வந்து முடியையும் கிழிசலையும் கையில் எடுத்தான்.

தூய்மைப் பணியாளர்கள் போடும் அந்த ஆரஞ்சு மேலங்கியை ஊரே அறியும். இருபது நாளுக்கு முன்னால், லட்சம் பேர் புண்ணியம் தேடி நடந்து, தின்று, எறிந்துவிட்டுப் போன எச்சிலை விடியலில் தனியாளாய்க் கூட்டிக்கொண்டிருந்தாள் எல்லம்மாள். ஏதோ ஒரு வண்டி அவளை அடித்துவிட்டு நிற்காமல் போனது. அவள் மகள் கஸ்தூரி ஊரிலுள்ள ஒவ்வொரு ஷெட்டாக ஏறி இறங்கினாள். "முன்பக்கம் அடிபட்ட வண்டி எதனா வந்தா ஒரு போன் பண்ணுங்கண்ணா." முபினும் தலையாட்டி அவள் எண்ணை வாங்கி வைத்திருந்தான்.

ரத்தம் படிந்த இந்தக் காரை இருபது நாளாகத் தெருவே பார்த்தது. யார் கேட்டார்கள்? பூஜை போட்ட வண்டியில் இருக்கும் சிவப்பு எதன் சிவப்பு என்று எவன் கேட்டான்? பார்த்தவனெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டு விலகினான். ஓர் ஏழையின் உயிருக்கு ஈடாக ஒரு பூசணி! ஒரு சேவல்! நசுக்கிய நான்கு எலுமிச்சை! கொலையை மறைக்க இதைவிட மலிவான திரையை எந்தக் கயவன் கண்டான்?

"கழுவாதன்னு சொன்னனே பாய்."

வல்லரசு வாசலில் நின்றான்.

"கழுவலண்ணா. தோண்டுனேன்." முபின் கிழிசலைத் தூக்கிக் காட்டினான். "இது எல்லம்மாவோடது."

வல்லரசு சாலைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "பரிகாரம் பண்ணிட்டேன். சாமியே விட்டுடுச்சு. நீ யாரு கேக்க?"

"சாமி விட்டுடுச்சு. அந்தம்மா விட்டாங்களா?"

"அதுக்குத்தானடா பவர் கேட்டேன்!" வல்லரசின் வாயோரம் எச்சில் நுரைத்தது. "பெரிய பிஸ்டன் போடு. டர்போ போடு. அவ கைய அத்துக்கினு போற அளவுக்கு ஏத்து. இல்ல, இந்த மாசமே ஷெட்ட காலி பண்ணு."

பதினைந்து வருட உழைப்பு நின்ற இடம். முபின் சுவரில் தொங்கிய ஸ்பேனர்களைப் பார்த்தான். கையிலிருந்த நரைமுடியைப் பார்த்தான்.

செல்போனை எடுத்தான்.

"கஸ்தூரி, நான் முபின். அவலூர்ப்பேட்டை ரோடு ஷெட்டு. உடனே வாம்மா. போலீஸ்காரங்களயும் கூட்டிக்கினு வா."

வல்லரசு பாய்ந்து தண்ணீர்க் குழாயைப் பிடுங்கினான். கிரில்லை நோக்கிப் பீய்ச்சினான். நீர் படுமுன் கார் ஓரடி பின்னே நகர்ந்தது. சமதரை. கியரில் நின்ற வண்டி. அவன் முன்னே வந்தான். அது இன்னும் ஓரடி போனது.

மூன்றாம் முறை அவன் வரவில்லை. குழாய் கையிலிருந்து நழுவ, ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

கஸ்தூரி வந்தபோது அவள் பின்னால் இரண்டு காவலர்கள் இருந்தார்கள். அவள் அழவில்லை. அந்தக் கிழிசலை விரலால் நீவினாள். கூட்டிப் பெருக்கும் வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தாள். அவள் உடம்பிலும் அதே ஆரஞ்சு மேலங்கி. காவலர்கள் வல்லரசைத் தூக்கி ஜீப்பில் ஏற்றினார்கள்.

"இதுலதானாண்ணா?" என்று கஸ்தூரி கேட்டாள்.

முபின் தலையசைத்தான்.

அவள் திறந்த எஞ்சினின்மேல் குனிந்தாள். ஹெட் இல்லை, பெட்ரோல் இல்லை, பேட்டரி இல்லை. வெறும் நான்கு குழிகள், நான்கு பிஸ்டன்கள். முதலாவதும் நான்காவதும் கீழே; நடுவிலிருந்த இரண்டும் மேலே. ஒரே தண்டில் பூட்டியவை அவை. ஒன்று அசைந்தால் நான்கும் அசைந்தாக வேண்டும். ஒன்று மட்டும் தனியே நகர வழியே கிடையாது.

"யம்மா" என்றாள் கஸ்தூரி, மெல்ல.

மற்ற மூன்றும் அசையவில்லை.

நான்காவது பிஸ்டன் மட்டும், சத்தமே இல்லாமல், அவள் முகத்தை நோக்கி மேலே எழுந்து வந்தது.