கல் குடித்த தண்ணீர்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, லாபுவில் நான் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்துக்குக் கல் பொறுக்கப் போனேன்.

தொழிலாளர் லயத்து வீடுகள் இருந்த இடமெல்லாம் இப்போது செம்பனை மரங்கள். மாரியம்மன் கோயில் மட்டும் புது பெயின்ட் அடித்துக்கொண்டு நின்றது. காரைக் கோயிலடியில் விட்டுவிட்டு, பின்பக்கம் இறங்கும் ஒற்றையடிப் பாதையில் ஆற்றுக்கு நடந்தேன். சின்ன வயதில் அந்தப் பக்கம் எங்களை விடமாட்டார்கள். ஏன் என்று கேட்டால், "பொம்பளப் புள்ளைக்கு அங்க என்னா வேல?" என்பார் அப்பா. இப்போது கேட்க ஆளில்லை.

கல் யோசனை என்னுடையது இல்லை. என் கணவர் ஷங்கர் இறந்து எட்டு மாதம் ஆகியும் நான் அழவில்லை. தூக்கம் இல்லை. சோற்றில் உப்பு போட்டிருக்கிறேனா இல்லையா என்றுகூட நாக்குக்குத் தெரியவில்லை. கிளினிக்கில் ஷப்னம் என்றொரு மனநலக் கவுன்சிலர் பெண்தான் சொன்னாள்: "வீட்டுக்குள்ள கொஞ்சம் இயற்கையைக் கொண்டு வாங்கக்கா. செடி, கல்லு, தண்ணி ஓடுற சத்தம். மனசு அடங்கும்."

என் மனசு அடங்கித்தான் கிடந்தது. அதுதான் கோளாறே. இருந்தாலும் அக்கறையாகச் சொல்கிறாளே என்று தலையாட்டி வைத்தேன்.

ஆற்று வளைவில் தண்ணீர் கணுக்கால் அளவுதான். அடியில் வழவழப்பான கற்கள், கைக்கு அடக்கமாக. ஐந்து எடுத்தேன். ஒன்றில் நைந்துபோன நூல் சுற்றியிருந்தது. பிய்த்து ஆற்றில் போட்டேன்.

நீலாயில் என் வீட்டு ஹாலில் ஒரு பெரிய பீங்கான் தட்டை வைத்து, கற்களை அடுக்கி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, மீன் தொட்டிக்குப் போடும் சின்ன பம்பைப் பொருத்தினேன். பக்கத்தில் ஒரு பெரணிச் செடித் தொட்டி. தண்ணீர் சலசலத்தது. அன்று மதியம் சோபாவிலேயே தூங்கிப்போனேன். ஷப்னம் கெட்டிக்காரிதான்.

பம்பின் சத்தம்தான் எழுப்பியது. வறண்டு கத்திக்கொண்டிருந்தது.

தட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

தட்டைத் தடவிப் பார்த்தேன். விரிசல் இல்லை. கீழே தரை காய்ந்து கிடந்தது. திரும்ப ஊற்றினேன். மறுநாளும் வற்றியது. அதற்கு அடுத்த நாளும். ஹாலில் ஈரமண் வாசமும் பழைய நல்லெண்ணெய் வாசமும் வர ஆரம்பித்தன. நான்காம் நாள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். தண்ணீர் கண்ணெதிரே இறங்கியது. கொஞ்சம் நின்றது. மறுபடி இறங்கியது.

மூச்சு விட்டு மூச்சு விட்டுக் குடிப்பதுபோல.

பயந்து ஓடியிருக்க வேண்டும். எனக்குப் பயம் வரவில்லை. ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வந்தது. வேலைக்குப் போகிற வழியில் லாரி இடித்து ஷங்கரைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். ஆப்பரேஷனுக்கு முன்னால் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார், சொல்ல வேண்டியதைத்தான் சொன்னார். இவர் மூன்று தடவை கேட்டார்.

"ஒரு மொடக்குத் தண்ணி குடு மாதவி."

"ஆப்பரேஷன் முடியட்டுங்க, தாரேன்."

என் கைப்பையில் பாட்டில் இருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார். திரும்பி வரவில்லை.

அதனால் நான் ஜக்கை நிரப்பிக்கொண்டே இருந்தேன். ஊற்றும்போதெல்லாம் மெதுவாகச் சொன்னேன்.

"குடிங்க."

சனிக்கிழமை காலை அண்ணன் முருகையா வந்தார். பெரணியைப் பார்த்துச் சிரித்தார். "என்னா மாதவி, வீட்டையே காடாக்கிட்ட?" என்றவர் கற்களைப் பார்த்ததும் தேநீர்க் கிளாஸைக் கீழே வைத்தார்.

"இத எங்க எடுத்த?"

"நம்ம தோட்டத்து ஆத்துல. கோயிலுக்குப் பின்னால."

அண்ணன் குரல் இறங்கிப்போனது. "கருமாதிக் கல்லு லா இது."

கருமாதிக்கு எங்களில் ஆண்கள் மட்டும்தான் தண்ணீர்க் கரைக்குப் போவார்கள். செத்தவரை ஒரு கல்லில் இருத்தி, நூல் சுற்றி, எண்ணெய் வைத்து, தாகம் தீரத் தண்ணீர் ஊற்றி, கடைசியில் தண்ணீரிலேயே விட்டுவிட்டு வருவார்களாம். ஒவ்வொரு கருமாதிக்கும் வீட்டில் வடை சுட்டுக்கொண்டிருந்தவள் நான். எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

"இதுல அவரோடது எதுண்ணே?"

அண்ணன் தோளிலிருந்த துண்டை எடுத்தார். "ஷங்கருக்குப் போர்ட்டிக்சன் கடல்ல செஞ்சோம். மறந்துட்டியா? இதெல்லாம் பழைய தோட்டத்து ஆளுங்க. புள்ளைங்கள்லாம் டவுனுக்குப் போயிட்டாங்க. தண்ணி ஊத்த நாதியில்லாம கெடந்தவங்க."

ஒரு வாரமாக யார் யாருக்கோ ஊற்றியிருக்கிறேன். அவருக்கு ஒரு மடக்குகூடப் போகவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ வலித்தது. எட்டு மாதத்தில் அதுதான் முதல் வலி.

அண்ணன் கற்களைத் துண்டில் கட்டினார்.

"ஒண்ணாச்சும் இருக்கட்டுமே."

"வேணாம். செத்தவங்களக் கூப்பிட்டுப் பழகாத."

பம்பைப் பிடுங்கிப் போட்டார். தட்டைக் கழுவி, துடைத்து, அடுப்படி மேடையில் கவிழ்த்து வைத்தார். வீட்டைப் பூட்டிக்கொண்டு இருவரும் லாபு போனோம். நான் காரிலேயே இருந்தேன். அவர் ஆற்றில் இறங்கிக் கற்களை விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்தார். நான்கு மணிக்கு என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்.

கதவைத் திறந்தேன்.

தட்டு ஹாலில் இருந்தது. நிமிர்ந்து.

நடுவில் ஒரு கல். கறுப்பு. ஓரத்தில் சின்னச் சின்னச் சிப்பிகள் ஒட்டியிருந்தன. ஈரம் இன்னும் காயவில்லை.

விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

உப்பு.

எட்டு மாதம் கழித்து எனக்கு உப்பு தெரிந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதேன். பிறகு எழுந்துபோய் ஜக்கை நிரப்பி வந்து ஊற்றினேன். நான் நிமிர்வதற்குள் தட்டு காய்ந்துவிட்டது. இரண்டாவது ஜக். மூன்றாவது. கடலில் கிடந்தவரின் தாகம் அது, ஜக்கில் அடங்கவில்லை.

மறுநாள் ரப்பர் பைப் வாங்கி, அடுப்படிக் குழாயிலிருந்து ஹாலுக்கு இழுத்துவிட்டேன்.

நேற்று ஷப்னம் போன் செய்தாள். "தண்ணி சத்தம் நல்லா கேக்குதுக்கா. இப்ப எப்படி இருக்கு, நிம்மதியா இருக்கா?"

"இருக்கும்மா," என்றேன்.

குழாயைத் திறந்துவிட்டு இன்றோடு பதினோரு நாள். தட்டு இன்னும் நிறையவில்லை.