சுவருக்கு அந்தப் பக்கத்து மசக்கைக்காரி

ஷமீனா குமட்டி ஓய்ந்து முகம் கழுவிய பிறகும் அந்தக் குமட்டல் சத்தம் மட்டும் நிற்கவில்லை. குளியலறைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. மட்டாஞ்சேரியின் கிடங்குத் தெருக்களில் வீடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்பவை. மழை நாளில் கீழேயிருந்து ஏறிவரும் சுக்கு வாசமும், ஈரச் சாக்கின் புழுங்கல் நாற்றமும், காயலின் உப்புக் காற்றும் சேர்ந்து அடி வயிற்றைப் புரட்டும்போது பக்கத்து வீட்டுக்காரிக்கு மட்டும் சும்மா இருக்குமா? ஐயோ பாவம், அவளுக்கும் நம்ம பாடுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஷமீனாவுக்கு இது இரண்டாவது கர்ப்பம். முதலாவது மூன்று மாதம் முடியுமுன் கலைந்துபோனது. அதனால் இந்த முறை கணவன் ஷாஃபியைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. போன வாரம் ஸ்கேனில் திராட்சைப்பழம் அளவுக்கு ஒரு உயிர் தெரிந்தது. அதற்குள் படபடவென்று ஒரு துடிப்பு. இதுவாவது தங்க வேண்டுமே என்ற பயத்தில் படிகூட மெதுவாகத்தான் இறங்கினாள்.

மறுநாள் சமையலறைக்கு எதிரே, கை நீட்டினால் எட்டும் சன்னலிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"உப்பு மாங்கா இருக்கா?"

மசக்கைக்காரி வாய்விட்டுக் கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடாது. ஷமீனா வளர்ந்த வீட்டில் அது கட்டாயம். கிண்ணத்தை நீட்டினாள். இருட்டிலிருந்து ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது. பட்ட விரல் ஐஸாகக் குளிர்ந்தது. மழைக் குளிராக இருக்கும்.

அப்புறம் தினமும் ஏதாவது ஒன்று. மோர், புளி, வறுத்த அரிசி. ஒரு நாள் ஷமீனா மூக்கைப் பொத்திக்கொண்டு மீன் பொரிக்கையில் மறுபடி அந்தக் குரல்.

"இன்னொண்ணு வேணும். தருவியா?"

"என்ன வேணுமோ எடுத்துக்கோங்க இத்தா," என்றாள், அக்கா முறை வைத்து, திரும்பிப் பார்க்காமலே.

மறுநாள் காலையில் குமட்டவில்லை. சுக்கு வாசம் வெறும் சுக்கு வாசமாக இருந்தது. மார்பின் கனமும் போய்விட்டது. போன தடவையும் இப்படித்தான் ஆரம்பித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மட்டும் குமட்டல் ஓயவில்லை.

"இக்கா, பக்கத்து மாடியில ஒரு இத்தா..."

"ஏது இத்தா? அது சுக்கு கொடவுன் அல்லே. மேல ஆளே கெடையாது," என்றான் ஷாஃபி.

ஸ்கேன் டாக்டரம்மா கருவியை நெடுநேரம் நகர்த்தினார்.

"ரத்தம் ஏதாவது போச்சா மோளே?"

"ஒரு சொட்டுகூட இல்ல டாக்டர்."

"கர்ப்பப்பை காலியா இருக்கு. ரெண்டு வாரம் முன்னாடி நான்தானே பார்த்தேன்..."

வீட்டுக்கு வந்ததும் ஷமீனா நேரே சமையலறைக்கு ஓடினாள். எதிர்ச் சன்னல் திறந்திருந்தது. உள்ளே இருட்டு. மூச்சு வாங்கும் சத்தம்.

"குடுத்துருங்க," என்று கதறினாள். "என் பிள்ளைய எனக்குக் குடுத்துருங்க!"



இருட்டுக்குள்ளிருந்து ஒரு வயிறு முன்னே வந்தது. நிறைமாத வயிறு. கம்பிகளில் அழுந்தியது. தோல் பிதுங்கியது. உள்ளே ஏதோ புரண்டது.

தோலுக்கு அடியில் ஒரு சின்ன முகம். ஷமீனாவின் குரல் வந்த பக்கமாகத் திரும்பியது. வாயைத் திறந்தது.