முப்பத்தேழு டிகிரி

விடிகாலை ஐந்தரைக்கு விக்டோரியா எளாவூரில் இருந்த தன் மெக்கானிக் ஷெட்டைத் திறந்தாள். வாசலில் லோகுவின் லாரி. நேற்று இரவு கொண்டுவந்து விட்டவன் கேபினிலேயே படுத்திருந்தான். சைலன்சர் குழாயின் சூட்டைச் சொல்லும் சென்சார் கோளாறு. எச்சரிக்கை விளக்கு அணையவில்லை, வண்டி நாற்பதைத் தாண்டவில்லை.

ஆறிய வண்டியில் எல்லா சென்சாரும் வெளிக்காற்றின் சூட்டையே காட்ட வேண்டும். மாறிக் காட்டுவதுதான் கெட்டது. அதற்காகத்தான் விடியும்வரை காத்திருந்தாள்.

ஸ்கேனரை மாட்டினாள். மற்றதெல்லாம் இருபத்தாறு. அது மட்டும் முப்பத்தேழு.

குழாயைத் தொட்டாள். பனியில் நனைந்து சில்லென்றிருந்தது.

"சென்சாருக்கு ஜுரம் போலக்கீதுக்கா" என்று லோகு கொட்டாவி விட்டான்.

"ஜுரம் இல்ல. மனுசன் ஒடம்பு சூடு."

சென்சாரின் வயரைக் கழற்றினாள். எண் மறைய வேண்டும்.

மறையவில்லை. முப்பத்தாறு.

புதியதை மாட்டினாள். முப்பத்தைந்து.

ஈர நெல்லின் வாடை எழுந்தது.

"லோகு, நேத்து எது மேலன்னா ஏத்தினியா?"

"ஊத்துக்கோட்டை ரோட்ல நெல்லு காயப்போட்டு தார்ப்பாய் மூடி வெச்சிருந்தாங்க. ஓரத்துல ஏறிச்சு. நெல்லுதானேன்னு வந்துகினே இருந்தேன்."

"வெளக்கு எப்ப எரிஞ்சுது?"

"அதுக்கப்புறம்தான்."

காவலுக்கு வருகிறவர்கள் பனிக்கும் கொசுவுக்கும் அந்தத் தார்ப்பாய்க்குள்ளேயே படுப்பார்கள். இருவருக்கும் தெரியும்.

"இன்னும் சூடு கீது. போ!"

லோகு அவளுடைய ஸ்கூட்டரில் பறந்தான். அவள் 108க்குச் சொல்லிவிட்டு ஸ்கேனரைப் பிடித்தபடி உட்கார்ந்தாள்.

முப்பத்துமூன்று. முப்பத்தொன்று.

"ஏசப்பா, எறங்க உடாத."

இருபத்தொன்பதில் போன் அடித்தது.

"அக்கா, பெரியவர் ஒருத்தர் கீறாரு. மூச்சு வருது. ஆம்புலன்சும் வந்துடுச்சு."

"கைய புடிச்சுக்கோ. உட்றாத!"

இருபத்தெட்டு.

இருபத்தேழு.

போனுக்குள் யாரோ தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார்கள். லோகு குழந்தைபோல் அழத் தொடங்கினான்.

இருபத்தாறு.

ஸ்கேனர் ஒருமுறை ஒலித்தது. கோளாறு எதுவும் இல்லை என்று காட்டியது.

விக்டோரியா எழுந்தாள். கணுக்காலில் வெதுவெதுப்பாக ஏதோ பட்டது. லாரியின் எஞ்சின் ஓடவே இல்லை. குனிந்து, சைலன்சர் வாயருகே உள்ளங்கையை வைத்தாள்.

காற்று வந்தது.

நின்றது.

பிறகு, மெதுவாக, உள்ளே இழுத்தது.