காலிப் பானைக்கு ஏற்றிய விளக்கு

அந்த அந்தி நேரத்தில் எங்கள் வாசலில் இருந்தவர்கள் ஐந்து பேர்: என் மகள் ரெத்னோ, மருமகன் பாகாஸ், எடை பார்க்க வந்த ஆய்வுத் தாதி மார்னி, பிறந்து ஒன்பது நாளான பேரன், நான். வேறு யாரும் இருந்ததாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

ரெத்னோவின் முதல் இரண்டு குழந்தைகளும் வயிற்றிலேயே இறந்தன. ரத்தக் கொதிப்பு. மூன்றாவதை நகரத்து ஆய்வுக் குழு ஒன்று வாராவாரம் சோதித்துக் காப்பாற்றியது. பதிலுக்கு அவர்கள் கேட்டது நஞ்சுக்கொடியை. அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

எங்கள் ஜாவாவில் நஞ்சுக்கொடி குழந்தையின் தம்பி. கழுவி, பானையிலிட்டு, ஆண் குழந்தைக்கு வாசலின் வலப்புறம் தகப்பன் புதைப்பான். முப்பத்தைந்து நாள் அந்த மண்மேல் விளக்கெரியும். எங்கள் வீட்டில் இது தவறியதில்லை. ஊர் என்ன பேசும்? காலிப் பானையை வெள்ளைத் துணியில் நானே கட்டி, அண்டை அயலார் பார்க்க பாகாஸைப் புதைக்கச் சொன்னேன்.

மூன்றாம் நாளிலிருந்து குழந்தை தாய்ப்பால் குடிக்கவில்லை; கரண்டியால் புகட்டியதில் சில துளிகள்தான் உள்ளே போயின. முகம் வாசல் பக்கமே திரும்பியிருந்தது. உடம்பில் ஒரு குறையும் இல்லை என்றார்கள் மருத்துவர்கள்.

மார்னி தராசைப் பார்த்தாள். "இன்னும் நூறு கிராம் குறைஞ்சிருக்கு ஐயா."

"அந்தக் கொடியைத் திருப்பிக் குடும்மா."

"அதைத் துண்டு துண்டா வெட்டிக் குழாய்ல போட்டு உறைய வச்சாச்சு. பாதி வெளிநாடு போயிருச்சு."

"மிச்சத்தையாவது குடு."

"குழாய்ல பேர் இருக்காது ஐயா, நம்பர்தான். எது யாரோடதுன்னு எனக்கே தெரியாது."

பாகாஸ் சிரித்தான். நல்ல சிரிப்பில்லை. "வெறும் பானைக்கு விளக்கேத்தச் சொன்னது யாரு மாமா? போய் அதுகிட்டயே கேளுங்க."

நான் விளக்கேற்றக் குனிந்தேன். மண்ணிலிருந்து பச்சை ரத்த வாடை எழுந்தது.

பிறகு அந்தச் சத்தம்.

மண்ணுக்கடியில் ஏதோ பால் குடித்துக்கொண்டிருந்தது. சப்பி, விழுங்கி, மூச்சு வாங்கி, மறுபடி சப்பி.

"அப்பா," ரெத்னோ கிசுகிசுத்தாள், "என்கிட்ட யாரோ பால் குடிக்கிறாங்க."

அவள் மடியில் குழந்தை வாயை மூடிக்கொண்டு கிடந்தது.

பாகாஸ் அவனைப் பிடுங்கிக்கொண்டு போய் அந்த மண்மேல் கிடத்தினான். சத்தம் நின்றது. குழந்தை வாயைத் திறந்தது. ரெத்னோ அங்கேயே உட்கார்ந்து பால் கொடுத்தாள். குடித்தான்.

இப்போது அவனுக்கு எட்டு மாதம். முப்பத்தைந்து நாள் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனாலும் விளக்கை நிறுத்த எங்களால் முடியவில்லை. நிறுத்தினால் அவன் வாயை மூடிக்கொள்கிறான். ரெத்னோ இன்றும் அந்த மண்மேல் உட்கார்ந்துதான் பால் கொடுக்கிறாள். ஒரு மார்பில் மட்டும். மற்றது தானாகவே வற்றிவிடுகிறது.

எங்கள் குடும்பம் காலிப் பானையைப் புதைத்து ஊரை ஏமாற்றியது என்று சந்தையில் பேசுகிறார்கள். அது பொய். போன மாதம் தோண்டிப் பார்த்தோம். நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. நானும் பாகாஸும் சேர்ந்து இழுத்தும் அந்தப் பானையைத் தூக்க முடியவில்லை.